ஓட்டோபானில் ஏறிய கெமர் கோயில்

ஏ 45 நெடுஞ்சாலையில், ஸீகன் நகருக்குத் தெற்கே மலைச்சரிவில் இருக்கும் வாகனத் தரிப்பிடத்துக்குச் சென்ற வைகாசியில் கெமர் கோயில் ஒன்று வந்து சேர்ந்தது. கம்போடியக் காட்டில் தொள்ளாயிரம் ஆண்டுகள் நின்ற கோயில் அது. கோபுரங்கள், அகழியில் ஒரு துண்டு, மதிலை இறுகப் பற்றிய இலவமரத்து வேர்கள் எல்லாவற்றோடும் வந்திருந்தது. அந்த வாரம் பெற்றோல் விலை சற்று இறங்கியிருந்தது. நெடுஞ்சாலைத் திணைக்களத்தார் வந்து அளந்து பார்த்தனர். லொறிகளுக்கென வரைந்த கோடுகளுக்குள் அது ஒழுங்காக நிற்பதைக் கண்டு திருப்தியடைந்து, பழைமையான இடங்களைச் சுட்டும் பழுப்பு நிறப் பலகை ஒன்றை வீதியோரம் நட்டுவிட்டுப் போயினர். லொறிச் சாரதிகள் அதன் நிழலில் நின்று கோப்பி குடித்தனர்.

பலகையைப் பார்த்து உள்ளே திரும்பியவர்களுள் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக் குமுதினியும் ஒருவர். மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை செய்துகொண்டே, ஐம்பது வயதுக்குப் பிறகு சாரதிப் பரீட்சையில் பலமுறை தோற்று, இறுதியில் பரிசோதகரே கைதட்டும்படி தேறியவர். ஆயினும் விரைந்தோடும் வாகனங்களுக்கு நடுவே ஓட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறுவது மட்டும் அவருக்குக் கைவரவில்லை. ஏறுபாதையின் முடிவில் காரை நிறுத்திவிடுவார். பின்னால் ஹோர்ன்கள் அலறும். கணவர் இராசலிங்கம் இறங்கி வந்து இடம் மாறி உட்காருவார். இப்படி இரண்டு ஆண்டுகள் போனபின், காரை விற்றுவிடுவதென இராசலிங்கம் தீர்மானித்தார். குமுதினி ஒரேயொரு பயணம் கேட்டார். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் தர்மிகாவின் வீட்டுக்குத் தனியே ஓட்டிச் சென்று சேர்ந்தால் கார் அவருக்கு. வழியில் உதவிக்கு அழைத்தால், திங்கட்கிழமை வாங்க வருகிறவருக்கு. குமுதினி காரின் நான்கு சில்லுகளின் கீழும் தேசிக்காய் என்னும் எலுமிச்சையை வைத்து நசித்து, மீதிக் காய்களைப் பையோடு பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு, வீதி இன்னும் வெறிச்சோடிக் கிடந்த வேளையில் எவரையும் முட்டாமல் ஏறி, ஸீகன்வரை வந்துவிட்டார்.

கோயிலைக் கண்டதும் அவருக்குப் பயணக் களைப்பு முழுவதும் பறந்துபோயிற்று. அகழிமேல் நாகம் காவல்நின்ற பாலத்தைக் கடந்து, படி படியாய் ஏறினார். எல்லாக் கோபுரங்களிலும் நான்கு திசைக்கும் நான்கு முகங்கள் இருந்தன. மூடிய கண்களோடு, இனிப்பான செய்தி ஒன்றைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டவைபோல அவை சிரித்தன. சுவரில் செதுக்கிய பெண்களின் கொண்டைகளில் ஒன்றுக்கொன்று ஒப்பில்லை. கல்வெட்டின் எழுத்துகள் எங்கள் கிரந்த எழுத்துகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள்போல் இருந்தன; பொருள் விளங்காவிட்டாலும் முகச்சாயல் தெரிந்தது. நீண்ட தாழ்வாரத்தில் தேவரும் அசுரரும் வாசுகியை இழுத்துப் பாற்கடல் கடைந்துகொண்டிருந்தனர். குமுதினி கடந்து போவதற்காக அவர்கள் சற்று நிறுத்தினர். அவர் போனதும் தொடர்ந்தனர். ஒரு வீச்சில் அவருடைய மேலங்கி பாலில் நனைந்தது. தம் வயதை மறந்து, அவர் மறுபடியும் ஓடிவந்து இன்னொரு தடவை நனைந்தார்.

கருவறையில் விளக்கில்லை, பூவில்லை. சிவனும் புத்தரும் மாறிமாறிக் குடியிருந்த அவ்விடத்தில் இப்போது ஒரு தவளை இருந்தது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் குமுதினி காருக்குப் போய், மிஞ்சியிருந்த நான்கு தேசிக்காய்களை எடுத்து வந்தார். காயைப் பிளந்து விளக்காக்கியிருக்கலாம். பீடத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கலாம். ஆனால் இத்தனை தூரம் வந்த ஒன்றைப் பார்க்கையில் அவருக்கு வாகனத்தின் நினைவே வந்தது. அடித்தளத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தேசிக்காய் வைத்தால் வாகனம் புறப்பட்டாக வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கோயில் அதை மதித்தது. நான்கு காய்களும் பிதுங்கிச் சாறு தெறிக்க, அது மெல்ல முன்னே உருண்டது.

குமுதினி காரை எடுத்து ஏறுபாதையின் தொடக்கத்துக்கு வந்தபோது, பின்பார்க்கும் கண்ணாடி நிறையக் கல்முகங்கள் தெரிந்தன. முன்னே நண்பகல் நெரிசல். இடைவெளியில்லாமல் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அவருடைய கால் பிரேக்கில் ஒட்டிக்கொண்டது. போனை எடுத்துக் கணவரை அழைத்தார்.

"எங்கை நிக்கிறீர்?"

"பார்க்பிளாட்சிலை. எனக்குப் பின்னாலை ஒரு கோயில் நிக்குது."

"கோயிலெண்டால் கும்பிட்டிட்டு வாருமன்."

"கும்பிட்டிட்டன். இப்ப அது என்னோடை ஓட்டோபானிலை ஏறப் பாக்குதப்பா!"

இராசலிங்கம், "ஏலாட்டில் ஏலாதெண்டு சொல்லும். வந்து கூட்டிக்கொண்டு வாறன். அதுக்கு ஏன் கோயிலை இழுக்கிறீர்?" என்று சிரித்தார். "சொல்லும். ஏலாதோ?"

அப்போது பின்னால் ஒரு மணி ஒலித்தது. அதட்டும் ஒலியன்று அது. தயங்கிக் கேட்கும் ஒலி. குமுதினி திரும்பிப் பார்த்தார். கோபுரங்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. இலவமரத்து வேர்கள் மதிலை இன்னும் இறுகப் பிடித்திருந்தன. எத்தனையோ அரசர்களின் படைகளைப் பார்த்த அந்தக் கோயில் ஏறுபாதையைக் கண்டு அஞ்சி, முன்னால் நிற்பவர் வழிகாட்டுவார் என்று காத்திருந்தது. இத்தனை ஆண்டுகளில் எவரும் குமுதினியின் பின்னால் அப்படி நம்பிக் காத்திருந்ததில்லை.

"வையுங்கோ போனை," என்றார் அவர். "ஏலாதெண்டு ஆர் சொன்னது?"

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கோயிலுக்குச் சொன்னார்: "இஞ்சை பாருங்கோ, நடுவிலை நிக்கக்கூடாது. நிண்டால்தான் ஆபத்து. சிக்னலைப் போட்டு, கண்ணாடியைப் பாத்து, தோளுக்கு மேலாலையும் பாக்கவேணும். உங்களுக்கு நாலு பக்கமும் முகம், கழுத்துத் திருப்பத் தேவையில்லை. நான் போறன். விடாமல் வாங்கோ!"

சொல்லிய வாயோடு அவர் மிதித்தார். கார் சீறியது. வேகம் ஏறியது, பாதை குறுகியது, இடப்பக்கம் ஒரு பால் லொறிக்கும் ஒரு மர லொறிக்கும் நடுவே சிறிய இடைவெளி தெரிந்தது. தோளுக்கு மேலால் பார்த்தார், திருப்பினார், உள்ளே இருந்தார். அவ்வளவுதான்! உரக்கச் சிரித்து ஸ்டியரிங்கில் அடித்தார். கண்ணாடியில் பார்த்தபோது மர லொறி ஒதுங்கி இடம் கொடுக்க, கோயிலும் அகழியிலிருந்து சிறிது தண்ணீர் சிந்தியபடி ஏறி, வலப்புற வழியில் விதித்த வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

ஸ்டுட்கார்ட்டில் தர்மிகா வாசலுக்கு ஓடிவந்தாள். "அம்மா, மெய்யாத் தனியாவோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள். "தனியாத்தான். பின்னாலை ஒராள் பழகிக்கொண்டு வந்தவர்," என்றார் குமுதினி. திங்கட்கிழமை கார் வாங்க வந்தவருக்கு இராசலிங்கம் தேநீரும் வடையும் கொடுத்து, கார் ஸ்டுட்கார்ட்டில் நிற்கிறதென்று சொல்லி அனுப்பினார்.

ஸ்டுட்கார்ட் நகரசபை கோயிலுக்குத் திராட்சைத் தோட்டமொன்றின் அடிவாரத்தில் இடம் ஒதுக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மணியடிக்கக்கூடாது என்று அயலவர்கள் கேட்டுக்கொண்டனர், அது அடிப்பதில்லை. வார நாட்களில் சில வேளை வெளியே போய் வருகிறது. சென்ற கார்த்திகையில் குமுதினி மகளிடம் போய்க்கொண்டிருந்தார்; இராசலிங்கம் பின்னிருக்கையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஹைல்புரோனுக்கு அப்பால் வலப்புற வழியில் கோயில் ஒன்று மெதுவாகச் செல்கிறது, முந்துவோர் கவனமாக முந்தலாம் என்று வானொலியில், நெரிசல் செய்திகளுக்கும் வானிலைக்கும் இடையில், அறிவித்தார்கள். குமுதினி தோளுக்கு மேலால் பார்த்து, இடப்பக்கம் எடுத்து, கை அசைத்து அதை முந்திக்கொண்டு போனார்.