தனித்தனியாகக் கேட்கப்பட்ட மூன்று பேர்

1

இந்தக் கதை அப்பாவின் மந்தமான காதிலிருந்து பிறந்தது. அண்ணனின் சாவிலிருந்து பிறந்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் அதிலிருந்து மூன்று வருடங்களாக எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

முதல் தொடக்கம்: "அன்று காலை அண்ணனின் அறைக் கதவை..."

(வேண்டாம். எப்படிப் போனான் என்பது இங்கே வராது. அதை விவரித்தால் அதே மனநிலையில் படிக்கும் யாருக்காவது கெடுதலாகும் என்றார் எங்களிடம் பேச வந்த டாக்டர். எனக்கும் மனமில்லை.)

2

அந்த டாக்டர் பிரேதப் பரிசோதனைத் துறையைச் சேர்ந்தவர். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களிடம் பேசி, எந்த இடத்தில் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆராய்கிறார். ஒருவர் பேச்சு இன்னொருவர் நினைவைக் கலைக்கக் கூடாது என்பதால் தனித்தனியாகத்தான் கேட்பார்.

எங்கள் வீட்டுக்குத் தோதான முறை. வெளியில் நாங்கள் சொன்னது மாரடைப்பு. அம்மாவும் அதையே நம்புகிறாள் என்று அப்பா நினைத்திருந்தார். அவளுக்கோ முதல் நாளே தெரியும். "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதடி, மனுஷன் இடிஞ்சு போயிடுவார்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று அப்பாவும் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் நான். வீட்டில் யாரும் அண்ணன் பெயரைச் சொல்வதில்லை.

3

முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா டாக்டரிடம் ரகசியம் பேசினார். காது கேட்காதவரின் ரகசியம் சமையலறையில் இருந்த அம்மாவுக்கும் எனக்கும் கேட்டது.

"டாக்டரம்மா, என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியக் கூடாது! பையன் தானாத்தான் போனான்னு தெரிஞ்சா தாங்கமாட்டா!"

[இங்கே அம்மாவின் கண்கள் கலங்கின என்று எழுதியிருந்தேன். பொய். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்துப் புரையேறியது.]

போய்க் கதவைத் திறந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுங்க. எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

"என்னது?"

"தெரியும்னு சொன்னேன்!"

அப்பா என்னைப் பார்த்தார். "இவளுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"நல்ல குடும்பம்டா சாமி" என்றார். சோபாவில் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார். பிறகுதான் அழுதார்.

4

தனித்தனியாகக் கேட்கும் டாக்டரின் முறை அதோடு கெட்டது.

"தூக்கம் வரலைன்னு ஒரு டாக்டர்கிட்ட போனானே" என்றார் அப்பா.

"வயித்து வலின்னுதானே போனான்?" என்றாள் அம்மா.

என்னிடம் தலைவலி என்றிருந்தான். மூன்றுக்கும் வேறு வேறு மருத்துவர்கள். எல்லோரும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதாக அவன் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டாக எங்களிடம் இருந்தது, சேர்த்துப் பார்க்க வாய்க்காமலே.

"உதவி தேடியிருக்காரும்மா" என்றார் டாக்டர். "வர்றவங்ககிட்ட அந்த ஒரு கேள்வியை டாக்டருங்களைக் கேக்க வைக்கத்தான் நாங்க இவ்வளவு பாடுபடறோம்."

"அப்போ அவன் போகணும்னு மட்டும் நினைக்கல" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இருக்கவும் பாத்திருக்கார்."

அம்மா மூச்சை இழுத்து விட்டாள். அப்படி ஒரு மூச்சை அந்த வீட்டில் நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

5

முடிவு (அ): எல்லா மருத்துவமனைகளிலும் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். (ஆசை. இன்னும் நடக்கவில்லை.)

முடிவு (ஆ): நாங்கள் துக்கத்தை ஒருவழியாக...

முடியவில்லை. பக்கத்து அறையில் இருவரும் சண்டை போடுகிறார்கள், அவன் பெயரைச் சொல்லி. அவனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார் என்பது வழக்கு. கற்றுக்கொடுத்தவள் தங்கையான நான். அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

முடிவு (அ)-வை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது தூக்கம் வரவில்லை என்று சொன்னால், மாத்திரையைத் தேடுவதற்கு முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் என்ன சொல்வார் என்பதை என்னால் எழுத முடியாது.