கோட்டுக்குக் கிடைத்த கப்பல் டிக்கெட்

நாங்கள் போன கப்பலில் டிக்கெட் துணிமணிகளுக்குத்தான். ஆட்களை லக்கேஜாகக் கொண்டுபோகலாம், ஓர் உடைக்கு ஓர் ஆள் வீதம். எனவே அழைப்பு என் பெயருக்கு வரவில்லை. பரண்மேல் பெட்டியில் கிடந்த என் கல்யாண வரவேற்புக் கோட்டின் பெயருக்கு வந்தது. என் மனைவி செண்பகவல்லியின் அரக்குநிறப் பட்டுப்புடவைக்குத் தனியாக ஒன்று வந்தது. உரியவரின் கையெழுத்து இல்லாமல் தரமாட்டேன் என்று தபால்காரர் வாசலில் நின்றார். கோட்டைக் கீழே இறக்கி, வலது கையின் நுனியை மையில் தொட்டு ஒரு முத்திரை வைத்துக் கொடுத்தோம்.

எங்கள் பக்கத்தில் வரவேற்புக்கு மாப்பிள்ளைக்குக் கோட் தைத்துக் கொடுப்பது பெண்வீட்டாரின் வேலை. அதை ஆயுளில் ஒரு தடவைதான் போடுவார்கள். கோவில்பட்டி வெயிலில் இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. என் கோட்டை என் மாமனார் சிவகாசியில் தைக்கக் கொடுத்தார். அப்போது நான் ஐம்பத்தெட்டு கிலோ. இப்போது எழுபத்தொன்பது. பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுக்கிறேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

அழைப்பில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்கு முறையான உடைகளுக்கான விருந்து. தேதியைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான் தோன்றியது. அன்றைக்கு எங்கள் கல்யாணம் நடந்து சரியாக இருபத்தைந்து வருடம். வரவேற்பன்று மேடையில் நாலு மணிநேரம் நின்று, மொய்க்கவர் வாங்கி, சிரித்துச் சிரித்துத் தாடை வலித்து, கடைசியாகப் பந்திக்குப் போனபோது ரசமும் உடைந்த அப்பளமும்தான் இருந்தன. அதையும் என்னை ஆண்கள் வரிசையிலும் அவளைப் பெண்கள் வரிசையிலும் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். அந்தக் கோட்டோடும் அந்தப் புடவையோடும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பது அவளுக்கு அன்றைக்கே வந்த ஆசை. எனக்கும்தான். நான் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பயண ஏற்பாடுகளைப் புடவையே பார்த்துக்கொண்டது. ரயிலில் கோட்டுக்கும் புடவைக்கும் கீழ்ப்படுக்கை கிடைத்தது. எங்களை இருக்கைக்கு அடியில் தள்ளி, கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஆட்களைத் திருடுகிறவர்கள் மதுரையில் ஏறுவார்கள் என்று எதிர் இருக்கைச் சுடிதார் சொல்லியிருந்தது. செண்பகவல்லிக்குக் கால் நீட்ட இடம் போதவில்லை. எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் எங்கள் கழுத்தில் சீட்டு கட்டினார்கள். சோதனை மேசையில் இருந்த காக்கிச் சீருடை டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றியது. பிறகு கோட்டைப் பார்த்தது.

"ஆளு கொஞ்சம் பெருசா இருக்காரே."

"எங்க ஆளுதான். சமாளிச்சுக்கலாம்," என்றது கோட்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்தைந்து வருடம் பரணில் போட்டு வைத்ததற்கு அது ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

இரண்டாம் நாள் ஐந்து மணிக்கே அறையில் உடுத்த ஆரம்பித்தோம். செண்பகவல்லியின் ஜாக்கெட்டுக்கும் வயது இருபத்தைந்துதான். ஆனால் ஜாக்கெட் தைப்பவர்கள் எதிர்காலம் தெரிந்தவர்கள். உள்ளே ஒரு விரற்கடை துணியை மடித்து, மூன்று வரிசைத் தையல் போட்டு வைப்பார்கள். அவள் பிளேடால் இரண்டு வரிசையைப் பிரித்தாள். ஜாக்கெட் அவளை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. புடவையும் பதினோரு ஊக்குகளை வாங்கிக்கொண்டு அடங்கி நின்றது. அவள் கண்ணாடி முன் திரும்பியபோது நான் கோட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள்.

கோட்டிலும் பிரிப்பதற்கு ஏதாவது இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஊரிலேயே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நூல் அகலம்கூட மிச்சத்துணி இல்லை.

"இதுல துணி விட்டிருக்கணுமே?" என்றேன்.

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கப்பா மிச்சத்துணியில தம்பிக்கு டவுசர் தச்சுட்டாரு."

அந்த டவுசர் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேடையில் எங்கள் காலுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடியது. மச்சினன் இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

"மாப்ள, மூச்சை உள்ள இழுங்க," என்றது கோட். பெண்வீட்டுக் கோட் என்பதால் இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. இழுத்தேன். முதல் பொத்தானுக்கும் அதன் ஓட்டைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. செண்பகவல்லி முதுகில் முழங்காலை வைத்து இழுத்தாள். அரைச் சாண் ஆனது. நான் தும்மினேன், மறுபடி ஒரு சாண் ஆனது. மணி ஆறரை.

அப்போது அறைப்பணிக்கான வெள்ளைச் சீருடை கதவைத் தட்டியது. அதற்குள் நெல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார், அவர் பேசவில்லை. ஏழு மணிக்குள் ஆள் சேராத உடைகள் கப்பலில் உள்ள வேறு லக்கேஜிலிருந்து பொருத்தமான ஆளை எடுத்துக்கொள்ளலாம், சேராத ஆட்கள் கீழ்த்தளச் சாமான் அறைக்குப் போய்விட வேண்டும் என்று சீருடை விதியைப் படித்தது.

எதிர் அறை வாசலில் நாகர்கோவில் பல் மருத்துவர் ஞானராஜ் பனியனும் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர், ஒடிசலான உடம்பு. அவரைக் கொண்டுவந்த ஷெர்வானி, இஸ்திரி போடும்போது நெஞ்சில் சூடு பட்டு, சலவைத் தளத்தில் படுக்கையில் இருந்தது. கோட் என் தோளிலிருந்து நழுவி இறங்கியது.

"தப்பா நினைக்காதீங்க மாப்ள. நான் வெளிய வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதுவும் நாலு மணிநேரம்தான்."

அதன் பக்கம் நியாயம் இருந்தது. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. ஞானராஜ் இரண்டு கைகளையும் நுழைத்தார். மூன்று பொத்தான்களும் தாமாகப் போட்டுக்கொண்டன. "மன்னிக்கணும் சார்," என்றார் அவர். நல்ல மனுஷன். அதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

புடவை கிளம்பிவிட்டது. கொசுவத்தின் போக்கிலேயே செண்பகவல்லியும் போகவேண்டியிருந்தது. வராந்தாவின் திருப்பத்தில் தலையை மட்டும் திருப்பினாள்.

"ஏங்க, நீங்க பட்டினி கெடக்காதீங்க. நான் வாரேன்."

அவளுக்கு அந்தப் பக்கம் என் கோட் நடந்துபோனது. பின்னாலிருந்து பார்த்தால் இருபத்தேழு வயது நானே போவது மாதிரி இருந்தது.

சாமான் அறையில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். எல்லோரும் லுங்கி, பனியன், நைட்டி. ஈரோட்டு அம்மாள் ஒருவரின் பட்டுப்பாவாடை அவருடைய நாத்தனார் மகளோடு மேலே போயிருந்தது. அவர் பெரிய சம்படத்திலிருந்து எல்லோருக்கும் புளியோதரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மூலையில் நரைமீசைக்காரர் ஒருவர் சீட்டு கலைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் இந்தக் கப்பலின் கேப்டன் என்று சொன்னார்கள். முழங்கை வீங்கியதிலிருந்து சீருடை அவரைச் சேர்ப்பதில்லையாம்.

"அப்ப கப்பலை யார் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"யூனிபார்ம் ஓட்டும். எனக்கு முன்னாலேர்ந்தே அதுதான் ஓட்டிக்கிட்டு இருக்கு. நீங்க ஆடுவீங்களா?"

நான் ஆடவில்லை. ஒலிபெருக்கியில் மேலே நடக்கும் விருந்தை வரிசையாக அறிவித்தார்கள். முதலில் இளஞ்சூட்டில் ஆவி. அடுத்து மெல்லிய கஞ்சி, மடிப்புகளுக்கு மட்டும். பிறகு சாம்பிராணிப் புகை. பட்டு வகையறாக்களுக்குத் தாழம்பூ. ஒவ்வொன்றுக்கும் கைதட்டும் சத்தம் கேட்டது. ஈரோட்டு அம்மாள் என் கையில் ஒரு மூடியில் புளியோதரையைக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை. இருபத்தைந்து வருடம் காத்திருந்த ஒரு சாப்பாடு, அதையும் இன்னொருவர் என் கோட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சொல்ல வெட்கமில்லை, நான் அழுதேன். கேப்டன் தன் துண்டைக் கொடுத்தார்.

துண்டால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் படியில் செண்பகவல்லி வந்துகொண்டிருந்தாள். நைட்டி போட்டு, தோளில் துண்டு போட்டிருந்தாள். தலையில் மல்லிகைப்பூ மட்டும் அப்படியே இருந்தது.

"புடவை எங்க?"

"மேல இருக்கு. ஊக்கு பதினொண்ணையும் கழட்டி அது கையிலயே குடுத்துட்டேன். நீ இருந்து சாப்பிட்டு வா தாயி, எனக்குப் பசிக்குதுன்னேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சந்தோசமாத்தான் இருக்கு. அங்க மனுசருக்கு ஒரு வாய் மோருகூடக் கிடையாதுங்க. துணி மேல சிந்திருமாம்." என் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்த டாக்டரு பாவம். வாயத் தொறந்தா மடிப்பு கலைஞ்சிரும்னு ஒரு வார்த்தை பேசல."

ஒரே மூடியிலிருந்து இருவரும் சாப்பிட்டோம். புளியோதரையில் கடலை கருகியிருந்தது. கருகாத கடலைகளாகப் பொறுக்கி அவள் என் பக்கம் தள்ளினாள். என் வயிறு லுங்கிக்குமேல் அதன் இஷ்டத்துக்கு இருந்தது. இரண்டாவது தடவை வைத்துக்கொண்டோம், மூன்றாவது தடவையும். இருபத்தைந்து வருடத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை, அதை அவளிடமும் சொன்னேன். "இப்பவாவது சொன்னீங்களே," என்றாள்.

சென்னையில் இறங்கும்போது புடவை, தன்னிடம் லக்கேஜ் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தனியாகவே மடிந்து வந்தது. கோட் மட்டும் ஞானராஜைக் கழற்றிக் கொடுக்க மறுத்துவிட்டது. அவ்வளவு பொருத்தமான ஆள் மறுபடி அமையமாட்டார் என்றது. காக்கிச் சீருடை லக்கேஜ் ரசீதில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதியது. அவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஊரில் அவருக்காக யாரும் காத்திருக்கவில்லையாம். நாங்கள் இருவரும் லக்கேஜ் கணக்கில் இல்லாததால் திரும்பும் ரயிலில் உட்கார்ந்தே வந்தோம்.

இப்போது கோட்டை, டாக்டரோடு, படுக்கையறைப் பீரோவில் மாட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் ஒரு மணிநேரம் வெயில் காட்டுகிறோம். போன வியாழக்கிழமை செண்பகவல்லிக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பீரோவைத் திறந்து, டார்ச்சைக் கையில் கொடுத்து, வாயைக் காட்டினாள். சொத்தை இல்லை, ஈறுதான் வீங்கியிருக்கிறது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்றார். கொப்பளித்தாள், சரியாகிவிட்டது. எனக்கும் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. நாளைக்குத்தான் டோக்கன் கிடைத்திருக்கிறது. எனக்கு முன்னால் எங்கள் தெருவிலேயே ஏழு பேர் இருக்கிறார்கள்.