காலடியில் எழுதிய பெயர்

எங்கள் பூரிம் பண்டிகையன்று, யூதர்களையெல்லாம் ஒழிக்கப் பார்த்த ஆமானின் பெயரை ஷூவின் அடியில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு ஜெப ஆலயம் போவோம். எஸ்தரின் கதை வாசிக்கையில் அந்தப் பாவியின் பெயர் வரும்போதெல்லாம் மிதித்து மிதித்து அழிப்போம். என் அண்ணி கிராசியா இடது காலில் ஆமானை எழுதுவாள். வலது காலில் என் அப்பா பெயரை எழுதுவாள்.

கல்யாணத்தன்று அவளுடைய அம்மாவைப் பந்தியில் உட்காரவிடாமல் சமையலறையில் சாப்பிட வைத்தவர் அப்பா. அந்த அம்மா அந்த வருஷமே போய்ச்சேர்ந்தாள். அதனால் பல வருஷம் நான் தடுக்கவே இல்லை. அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் எங்கள் வில்லெம்ஸ்டாட் ஊரில் யார் இருக்கிறார்கள்?

"இந்த வருஷமாவது அவரை விட்டுடேன் அண்ணி."

"உங்கப்பா தோல் தடிச்ச தோல். மிதிச்சா வலிக்காது, போடீ."

நான் அப்படிக் கேட்ட வருஷம் அவளுடைய தலைப்பிள்ளை ஐந்து மாதக் குழந்தை. இரண்டு நாளாகக் காய்ச்சல். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். கதை கேட்காமல் இருக்கக்கூடாது என்று, பிள்ளையை அண்ணன் மடியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

எங்கள் ஆலயத்தில் தரை முழுக்க மணல். எவ்வளவு மிதித்தாலும் சத்தம் வராது. ஆமான் பெயர் வரும்போது சுழற்றும் கிலுகிலுப்பைகள்தான் காதைக் கிழிக்கும். கடைசியில் அண்ணி வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். எழுத்து சுத்தமாகப் போயிருந்தது. சிரித்தாள். சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"லேயா, அது என் பிள்ளை பேருடீ."

எங்களில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான், அவர் உயிரோடு இருந்தாலும். அந்தப் பெயரைச் சொல்லப் பிடிக்காமல் இவள் 'குட்டி, குட்டி' என்றே கொஞ்சிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் மறந்தே போயிருக்கிறாள்.

வீட்டுக்கு ஓடினோம். பிள்ளை கண் திறக்கவில்லை. அண்ணி தரையில் மண்டியிட்டு அதன் காதில் கத்தினாள். "ஜோசுவா! எங்கேயும் போகாதேடா! ஜோசுவா!"

எங்கள் பின்னாலேயே வந்திருந்த அப்பா வாசலில் நின்றார்.

"என்னம்மா?" என்றார், தன்னைக் கூப்பிட்டது போல. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிள்ளை பக்கம் குனிந்து, ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டாள். என் காதில் விழவில்லை.

விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பிள்ளை பாலுக்கு அழுதான். வீடே சிரித்தது. ஆமானின் காது என்று நாங்கள் பொரிக்கும் இனிப்பை அப்பா தன் கையாலேயே அண்ணிக்கு ஊட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதப் பாஸ்கா பண்டிகை வருமுன் ஒரு நாள் சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். ஒரு நோய் நொடி கிடையாது.

அடக்கம் முடிந்து வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"பிள்ளையை விட்டுடுன்னு மட்டும்தான் கேட்டேன் லேயா. அவரை எடுத்துக்கோன்னு சத்தியமா கேக்கல."

நான் ஒன்றும் கேட்கவில்லையே அவளிடம். கையை உருவிக்கொண்டேன்.