ஈசானி மூலைத் தண்ணீர்

ஹேமாவதிக்கு எப்போதும் ஒரே கனவுதான். மூன்றாவது மாடி, கிழக்கே பார்த்த பால்கனி, கொடியில் அவளுடைய சேலைகள். கீழே தண்ணீர் என்ன ஆட்டம் போட்டால் அவளுக்கென்ன? கால்மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருப்பாள். விழித்துப் பார்த்தால் பெருங்களத்தூர் சந்துக்குள் அதே வாடகை வீடு, கார்த்திகை மழைக்குக் கட்டிலடியில் செருப்பு மிதக்கிற வீடு. குரோம்பேட்டை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவளுக்கு உட்கார்ந்திருக்கிற கனவு வராமல் வேறென்ன வரும்!

அந்தக் கனவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அப்பா விட்டுப்போன நிலத்தில் மேடெல்லாம் அண்ணன் லோகநாதனுக்கு. பெண்பிள்ளைக்குத் தண்ணீர் நிற்கிற மூலை. ஊர் உலகத்தில் வேறெப்படிக் கொடுத்திருக்கிறார்கள்? மழை பெய்தால் சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். மாசி வரை வற்றாது. நாரை வந்து ஒற்றைக் காலில் தூங்கும். பள்ளத்துக்கு அந்தண்டை முனியம்மா வீடும் அதை ஒட்டிய ஓட்டு வீடுகளும் இருந்தன. பள்ளம் தண்ணீரை வாங்கிக்கொள்வதால்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது.

இப்போது ஒரு புரமோட்டர் வந்தார். மேட்டில் ஒரு பிளாக். பள்ளத்தில் இடித்த கட்டடத்து ராபிஷைக் கொட்டி மூடிவிட்டு இன்னொரு பிளாக். ஹேமாவுக்கு மூன்றாவது மாடியில் பால்கனி வீடு. அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"போட்டுடு ஹேமாக்கா. எங்களுக்காக நீ இன்னா ஆயுசு பூரா ஈரத்துலயே கெடப்பியா?" என்று முனியம்மாவே சொன்னாள். பாவி, அவள் சண்டை போட்டிருந்தால்கூட ஹேமாவுக்கு மனசு லேசாக இருந்திருக்கும்.

தை மாதம், நல்ல நாள், விடியற்காலை. பனி இறங்கி, தாம்பரம் பக்கமிருந்து வருகிற ரயில் சத்தம் மட்டும் எங்கேயோ வானத்தில் ஓடுவதுபோல் கேட்டது. வாஸ்து பார்க்கிற தோத்தாத்ரி ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், குழி வெட்டச் சொன்னார். அது ஹேமாவின் பள்ளத்து ஓரம். குழியில் தண்ணீர் ஊற்றிப் பூவைப் போட்டால், பூ வலமாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் வீடு விளங்கும். பிறகு கையெழுத்து.

லோகநாதன் குடத்தோடு நின்றான். குடத்துக்கு வேலையே இல்லை. வெட்டின குழியில் தண்ணீர் தானாக ஊறி ஏறியது, கூப்பிடாமலே வந்த விருந்தாளி மாதிரி. ஹேமா ஒரு செவ்வந்தியைப் போட்டாள்.

பூ அசையவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீருக்குள் அவர்களுடைய முகங்களும், பனியும், வானமும் இருந்தன. பார்க்கப் பார்க்க ஹேமாவுக்குக் கண் சொக்கியது. அந்த வானத்திலிருந்து செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் கொட்டுவதுபோலவும், தண்ணீர் மூச்சுத் திணறி எழுந்து முனியம்மா வீட்டு வாசற்படியைத் தட்டுவதுபோலவும் இருந்தது. மிதக்கிற செருப்பை இருட்டில் துழாவி எடுப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை இன்னொருத்திக்குத் தர மனசு வரவில்லை.

அப்போது லோகநாதன் வேட்டியைச் சரி செய்கிற சாக்கில் உட்கார்ந்து, சுண்டுவிரலால் தண்ணீரைச் சுற்றிவிட்டான். அடடா, என்ன கெட்டிக்காரத்தனம்! பூ சுற்றியது.

"வலமா சுத்துது, வலமா சுத்துது!" என்று அவனே கத்தினான். புரமோட்டர் பேனாவை நீட்டினார்.

ஹேமா வாங்கவில்லை. "சாமி, ஈசானியத்துல தண்ணி இருந்தா வீட்டுக்கு நல்லதா, கெட்டதா?"

"ரொம்ப விசேஷம்மா. அங்கதான் கிணறே வெட்டுவா," என்றார் தோத்தாத்ரி.

"அது ஏற்கெனவே இருக்குதே. அதை ஏன் மூடணும்? மேட்டுல கட்டிக்குங்க. பள்ளம் அப்படியே கெடக்கட்டும்."

லோகநாதனின் முகம் சிவந்தது. "அப்போ அந்தத் தண்ணியையே கட்டிக்கினு அழு. வூடு கெடையாது, சொல்லிட்டேன்."

"தெரியும்ணா," என்றாள். தெரிந்துதான் சொன்னாள், ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீடு வரை அழுதுகொண்டே நடந்தாள்.

மேட்டில் ஒரே பிளாக் எழுந்தது. அவளுக்கென்று சொன்ன மூன்றாவது மாடி வீட்டுக்கு லோகநாதனே குடிபோனான். அந்தக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. ஹேமா வீட்டில் செருப்பு வழக்கம்போல் மிதந்தது. முனியம்மா வீட்டில் தரை காய்ந்திருந்தது.

மழை விட்ட காலையில் ஹேமா பள்ளத்துக் கரைக்கு வந்தாள். முனியம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். கரைக் கல்லில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக் குடித்தபோதுதான் ஹேமா அதைப் பார்த்தாள். காற்றில்லாத தண்ணீருக்குள் புதுக் கட்டடம் தலைகீழாகக் கிடந்தது. மூன்றாவது மாடி, கிழக்கே பார்த்த பால்கனி, கொடி, எல்லாம் அப்படியே இருந்தன. அவளுடைய சேலைகள் மட்டும்தான் இல்லை.

"ஹேமா!" மேலேயிருந்து லோகநாதன் கூப்பிட்டான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தண்ணி இன்னாமா நிக்குது பாரு! நம்ம வாசலுக்கு ஒரு சொட்டு வரல. மேல வாயேன், வந்து வூட்டைப் பாரு."

"இங்கேருந்தே தெரியுதுண்ணா," என்றாள். "நீதான் என் மூலையில குடியிருக்க. குனிஞ்சு பாரு."

லோகநாதன் குனிந்து பார்த்தான். அவளுடைய தண்ணீருக்குள், அவன் பால்கனியில், அவனே தலைகீழாக நின்றிருந்தான்.