நுரை மெக்கைத் தேடி வந்தவர்கள்

சனிக்கிழமை பதினொன்றரை மணி ஆட்டத்தில் நுரை மெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சலவைத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தபோது, பெஞ்சுகளில் இருந்த இருநூறு பேரும் கைதட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பதினோரு வருடமாகச் சலவைக்காரி வேஷம் கட்டி ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் அந்தத் தொட்டிக்குள் விழத்தான் செய்கிறாள். ஜனம் வருவதே அதைப் பார்க்கத்தான். இந்தத் தடவை அவள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் புரிந்து முதலில் ஓடி வந்தவன் எதிர்க்கடை எலிப்பிடி டாப்ஸ். அறுபது வயது ஆள், தொப்பியைச் சுற்றித் தைத்த துணி எலிகள் ஆட ஆட மேடைக்குத் தாவி ஏறினான்.

"ஏய் மெக், ஓவரா நடிக்காத, எந்திரி!"

"நடிக்கலடா பாவி, வயிறு கிழியுது" என்றாள் அவள். டாப்ஸின் முகம் செத்துப் போயிற்று.

அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் இருந்த அந்தத் திருவிழாத் திடலுக்குள் நுழைந்தால் அது நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து, ஆளுக்கொரு வேஷமும் வேஷப் பெயரும். கைக்கடிகாரம், கைபேசி எதுவும் கூடாது. எல்லாம் பின்பக்கத்து மைதானத்தில் நிற்கும் கார்களுக்குள் கிடக்கும். அதனால் ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனபோது, மேலெல்லாம் சோப்புத் தண்ணீரும் மூன்று பாவாடைகளும் தவிர அவளோடு வேறொன்றும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கெயில் என்ற நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தாள். இடுப்புக் கச்சையின் கயிற்றில் அது பட்டதுதான் தாமதம், வலியையும் மீறிக் கத்தினாள் மெக்.

"அதைக் கீழ வைம்மா! பின்னாடி ஒரே ஒரு முடிச்சு, உருவினா வந்துரும். ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து கையால தைச்சது!"

"எத்தனை பாவாடைம்மா போட்டிருக்கீங்க?"

"மூணு. உள்பாவாடையைச் சேத்தா நாலு."

"இந்த வெயில்லயா! நல்ல ஆளும்மா நீங்க" என்று கெயில் பொறுமையாக முடிச்சை அவிழ்த்தாள். பக்குவமான கைதான். அப்புறம் தாளை எடுத்தாள். மெக்கின் நிஜப் பெயர் லோர்னா பெக்கர், வயது ஐம்பத்தாறு, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

"வீட்டுல யாருக்குத் தகவல் சொல்லணும்?"

லோர்னா யோசித்துப் பார்த்தாள். புருஷன் போய் எட்டு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. நெப்ராஸ்காவில் ஒரு தம்பி. முகம் பார்த்துப் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. மிச்சமிருப்பவர்கள் எல்லாம் அந்தத் திடலில்தான் இருந்தார்கள். ஆனால் திடலில் வைத்த பெயருக்கு மேல் ஒருவரை ஒருவர் நிஜப் பெயர் கேட்பது அங்கே மரியாதைக் குறைச்சல். மாலையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பீர் குடிக்கும்போதுகூட டாப்ஸ் டாப்ஸ்தான், ராணி வேஷம் கட்டுகிறவள் ராணிதான்.

"எலிப்பிடி டாப்ஸ்கிட்ட சொல்லுங்க."

"யாரு?"

"அவன் இல்லேன்னா ராணிகிட்ட சொல்லுங்க. வந்துருவாங்க."

கெயில் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் அனலாக அடித்தது. போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

டாக்டர் ஹால்வர்சன் இளவயதுக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல்வால் எந்த நிமிஷமும் வெடிக்கலாம், உடனே அறுக்க வேண்டும் என்றார். "அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. இது எந்த வருஷம்னு சொல்லுங்க பாப்போம்?"

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலியோடு மல்லாடிக்கொண்டிருந்தவளின் வாயிலிருந்து தானாக வந்தது: "ஆயிரத்து ஐநூத்தி எழுபத்தி நாலு."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினோரு வருடமாகத் திடலில் எவன் கேட்டாலும், சின்னக் குழந்தை கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் ஆயிற்றே!

"அய்யய்யோ, இல்ல டாக்டர், அது வாய்ப் பழக்கம்..."

"பதட்டப்படாதீங்க. தலையில அடிகிடி பட்டிருக்கான்னு முதல்ல ஒரு படம் எடுத்துரலாம். முன்னாடி நாலு பேர் இருக்காங்க, ஒரு மணி நேரம் ஆகும். உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது வந்து பேசினா எங்களுக்கு வேலை சுலபம்."

"வெடிக்கப் போறது வயிறு, நீங்க தலையைப் பாக்கறேங்கறீங்களே!" என்றாள் லோர்னா. எடுபடவில்லை. புத்தி கலங்கியவள் என்று ஒருதரம் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் எது பேசினாலும் அதற்கு அத்தாட்சியாகத்தானே ஆகிவிடுகிறது.

திரைக்குப் பின்னால் தனியாகக் கிடந்தாள். பயமாக இருந்தது, நிஜமான பயம். இன்று வருடத்திலேயே பெரிய கூட்டம். ஒரு மணிக்கு ஊர்வலம். யார் வருவார்கள், எதற்கு வருவார்கள்? வந்தாலும் என்ன பேர் சொல்லித் தேடுவார்கள்? இப்படியே ஒரு ஆளில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் வாசல் பக்கம் வரவேற்பு மேஜைப் பெண்ணின் குரல் கேட்டது.

"நோயாளி பேரு?"

"மெக்."

"முழுப் பேரு சார்."

"நுரை மெக்."

"அப்படி யாரும் இங்க இல்ல. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நானா? நான் எலி பிடிக்கிறவன்."

"எங்க ஆஸ்பத்திரியில எலி கிடையாது சார்!"

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உயிர் போகிற வலி. அந்தப் பெண்ணோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை என்று டாப்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தினமும் காலையில் திடலின் கதவு திறக்குமுன் தன் கடையிலிருந்து அவளைச் சீண்டக் கூவுவானே, அதே கூவலை ஆஸ்பத்திரி அதிரக் கூவினான்.

"ஊத்தைத் துணியா, ஊத்தை மனுஷனாஆஆ?"

லோர்னா இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துப் பதில் கொடுத்தாள்: "ரெண்டையும் கொண்டா, அடிச்சு வெளுக்கறேன்!"

திரை விலகியது. டாப்ஸ், சேற்றில் புரண்டு வேடிக்கை காட்டும் இரண்டு பிச்சைக்கார வேஷக்காரர்கள், ஊறுகாய் விற்கிறவள், கழைக்கூத்தாடி, குழலூதிகள் என்று மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்களில் கடைசி ஆள் ராணி. உள்ளே வளையங்கள் வைத்து விரித்த அவளுடைய பாவாடை கதவுக்குள் அடங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு பிச்சைக்காரன் பின்னாலிருந்து தள்ள, ஒருவழியாக உள்ளே வந்தாள்.

"யாரு இங்க டாக்டர்?" என்றாள் ராணி. ஹால்வர்சன் தன்னையறியாமல் கையைத் தூக்கினார்.

"இவ புத்தி தெளிவாத்தான் இருக்கு. எங்க இடத்துல யாரு வருஷம் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும், அதான் சட்டம். நாங்க இத்தனை பேரும் சாட்சி."

டாக்டர் லேசுப்பட்டவர் இல்லை. "அப்படியா? இப்ப எந்த வருஷம்?" என்று சட்டென்று கேட்டார்.

"ஆயிரத்து ஐநூத்தி எழுபத்தி நாலு!" என்றார்கள் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில்.

டாப்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். கெயில் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள், தோள் குலுங்கியது. டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு குனிந்து லோர்னாவை மறுபடி கேட்டார். அவள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து, நிஜ வருடத்தைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இறைச்சி ரொட்டியும் அவரைக்காயும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"படமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அறையைத் தயார் பண்ணுங்க" என்றார் அவர். லோர்னா சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"மகாராணி, ஊர்வலம்?" என்று கேட்டாள்.

"நான் இங்க இருக்கேன், ராணி இல்லாமத்தான் ஊர்வலம். கோமாளியை முன்னால நடக்கச் சொல்லிட்டு வந்தேன். பேசாம படு."

"மகாராணி..."

"அழுதா எனக்கும் அழுகை வரும், மை கரையும். ரெண்டு மணி நேரம் ஆச்சு இதைப் பூச."

கெயில் தாளை நீட்டினாள். "தகவல் சொல்ல வேண்டிய ஆள், இந்தக் கட்டத்துல. நிஜப் பேரு வேணும், போன் நம்பரோட. எலி, ராணின்னெல்லாம் எழுதக் கூடாது."

டாப்ஸ் பேனாவை வாங்கி எழுதினான். நார்பர்ட் கிளெம் என்று இருந்தது. பதினோரு வருடத்தில் முதல்தரம் லோர்னா அந்தப் பெயரைப் பார்த்தாள். "நார்பர்ட்டா நீ?" என்றாள். "இதுக்குத்தான் யார்கிட்டயும் சொல்றதில்ல" என்றான் அவன். ராணி தாளைப் பிடுங்கி அவனுக்குக் கீழே டெபி யான்கே என்று எழுதினாள். பிச்சைக்காரர்கள் அண்ணன் தம்பிகளாம், அதுவே அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து, ஊறுகாய்க்காரி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தை எல்லாரும் விட்டுவிட்டார்கள். என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

சக்கரக் கட்டிலைத் தள்ள ஆரம்பித்தார்கள். "நல்லாருங்க, எல்லாரும் நல்லாருங்க. என்னைத் தேடி வந்தீங்களே" என்றாள் லோர்னா. டாப்ஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான்.

அறுவை அறை வாசலில் கெயில் அந்தத் தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். "பன்னெண்டு பேர் எழுதியிருக்காங்களேம்மா, ஆபரேஷன் முடிஞ்சதும் நான் இதுல யாரைக் கூப்பிடட்டும்?"

"யாரை வேணாலும் கூப்பிடும்மா" என்றாள் லோர்னா.