திங்கட்கிழமை மட்டும்

அமுதவல்லி புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வேலையை விட்டபோது, கீரனூரில் தெரிந்தவர்கள் எல்லோரும் சம்பளத்துக்காகத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் மறுத்துப் பேசவில்லை.

ஒன்பது வருஷம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக இருந்தவள். கவுண்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை அல்ல அது. டாக்டர்களோடு வார்டில் நடந்து, எந்த மருந்து எதோடு சேராது, யாருக்கு எவ்வளவு, வீட்டுக்குப் போனபின் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. "அமுதா மேடம் பாத்தாச்சா?" என்று கேட்காமல் நர்சுகள் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொல்கிற திருச்சிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். காலையில் கீரனூரில் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றவள், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்க ஆரம்பித்தாள்.

உண்மையான காரணம் செவந்தி.

செவந்தி அரிமளத்துக்காரி. நாற்பத்தாறு வயது. மூட்டுவாதம் முற்றி, விரல்கள் மடங்காமல் வந்து சேர்ந்தாள். டாக்டர் எழுதிய மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட்டால் ஆளையே சாய்த்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் வாரம் ஒருமுறை என்று பதிய இடமே கிடையாது. காலை, மதியம், இரவு மட்டும்தான். அதனால் கவரில் எப்போதும் 1-0-0 என்றே அச்சாகி வரும். பார்ப்பவர்களுக்கு, தினம் காலையில் ஒன்று என்று அர்த்தம்.

அமுதவல்லிக்கு இது இரண்டு வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் கவரை வாங்கி, அந்த எண்களை அடித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் 'திங்கட்கிழமை மட்டும்' என்று எழுதி, கூட வந்தவரை நிறுத்தி மூன்று தடவை சொல்லி அனுப்புவாள். ஒரு தப்பும் நடந்ததில்லை.

செவந்தி வீடு திரும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அமுதவல்லியின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அவள் லீவு.

பதினொரு நாள் கழித்து வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலில் நினைவு தப்பித் தப்பி வர, செவந்தியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவள் புருஷன் பெரியகருப்பன் கையில் அந்தக் கவர் இருந்தது. அமுதவல்லி வாங்கிப் பார்த்தாள். சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. உள்ளே மாத்திரைப் பட்டைகளில் பதினொரு குழி காலியாக இருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் செவந்தி இறந்துபோனாள்.

நடந்ததை அமுதவல்லி எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தாள். "ஃபேமிலிகிட்ட நாங்க பேசிக்கிறோம். நீங்க எதுவும் பேச வேணாம்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டாள். அந்தச் சமயத்தில் அது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அதன் பிறகுதான் தூக்கம் போயிற்று. இரண்டு வருஷமாக ஓட்டையைத் தன் கையால் பொத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். பொத்தியதால் அங்கே ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. கையை எடுத்த அன்றைக்கு ஓர் உயிர் போய்விட்டது. ஒரு ஆள் நன்றாக வேலை பார்ப்பதை நம்பி ஆஸ்பத்திரி நடக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. மூன்று மாதத்தில் ராஜினாமா எழுதினாள்.

புதிய வேலை அவள் நினைத்த மாதிரி இல்லை. முதல் ஐந்தாறு மாதம், எத்தனை படுக்கை நிரம்பியது, மருந்து ஸ்டாக் எவ்வளவு வீணானது என்று வரைபடம் போட்டே கழிந்தது. நோயாளியின் முகத்தையே பார்க்காத நாட்கள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். பிறகுதான், நாலு ஆஸ்பத்திரி வைத்திருக்கிற ஒரு குடும்பம் மருந்து கொடுக்கும் முறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டது. அமுதவல்லி உட்கார்ந்து தயார் செய்தாள். செவந்திக்கு நடந்ததையும், பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், அதில் சேர்த்தாள்.

அவளுடைய மேலதிகாரி கோபிநாத் படித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. இத கேட்டா எவனும் மறுக்க முடியாது. அந்த வீட்டுல கேட்டீங்களா?"

"பேரு போடலையே சார்."

"பேரு போடல, சரி. கேட்டீங்களா?"

அந்தச் சனிக்கிழமை அவள் அரிமளத்துக்குப் பஸ் ஏறினாள்.

பெரியகருப்பன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ஒக்காருங்க மேடம்" என்றார். சுவரில் செவந்தியின் படம். அவள் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே அவர் தலையை ஆட்டினார்.

"சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. படிக்காத பய ஒருத்தன் பொண்டாட்டிக்கு மாத்திரைய மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லுங்க. மத்தவுகளாச்சும் சூதானமா இருக்கட்டும்."

அமுதவல்லி குறுக்கிட்டாள். "யாருண்ணே உங்ககிட்ட அப்புடிச் சொன்னது?"

"ஆஸ்பத்திரியிலதான். வாரத்துக்கு ஒண்ணு குடுக்கச் சொன்னத நீங்க தெனம் குடுத்துட்டீங்கன்னு. வெரலு மடங்காதுல்ல அவளுக்கு, நாந்தான் ஒவ்வொரு நாளும் பிரிச்சு வாயில போட்டேன். மறந்ததே இல்ல மேடம். ஒரு நாளாச்சும் மறந்திருக்கலாம்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கவரில் என்ன அச்சாகியிருந்தது, அது ஏன் அப்படி வந்தது, தனக்கு எத்தனை நாளாகத் தெரியும், அந்த ஞாயிற்றுக்கிழமை தான் எங்கே இருந்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"கவருல போட்டிருந்தபடிதான் நீங்க குடுத்தீங்க. தப்பு உங்க மேல இல்லண்ணே."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எங்க மச்சான் இருளாண்டி பத்து மாசமா எம் மூஞ்சியில முழிக்கல" என்றார். "எந்தங்கச்சிய நீதான் கொன்னேன்னு எழவு வீட்டுலயே சொன்னாரு. நானும் ஆமான்னு நின்னேன். மொதல்ல அவருகிட்ட வந்து சொல்லுங்க. அப்பறம் எங்க வேணாலும் சொல்லிக்கங்க."

திருமயம் சாலையில் இருந்தது இருளாண்டியின் வீடு. பெரியகருப்பன் டிவிஎஸ் வண்டியில் அவளைக் கூட்டிப்போனார். ஆனால் வாசல் பக்கம் வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். இருளாண்டி நின்றபடியே கேட்டார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இல்லை.

"அப்ப நீங்க லீவு போடாம இருந்திருந்தா எந்தங்கச்சி இருந்திருப்பா."

"ஆமாங்கய்யா."

"இத்தன நாளு தெரிஞ்சே இருந்தீங்க."

"ஆமாங்கய்யா."

"போயிருங்க" என்று சொல்லி இருளாண்டி உள்ளே போய்விட்டார். மரத்தடியில் நின்றவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் நடந்தது முழுவதையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுப் பெரியகருப்பனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். புகார் கொடுத்தால் சாட்சி சொல்ல வருவதாகவும் எழுதியிருந்தாள். கோபிநாத்திடம் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"இது வெளிய தெரிஞ்சா நமக்கு வேலை குடுக்கிறவங்க யோசிப்பாங்கம்மா."

"தெரியும் சார்."

அவர் தடுக்கவில்லை.

நாலு ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் அவள் பேசியபோது அறையில் யாரும் போனைத் தொடவில்லை. மூன்று ஆஸ்பத்திரிகளில் அந்த மாதமே கம்ப்யூட்டரில் பதியும் முறையை மாற்றினார்கள். வார மருந்துக்குக் கிழமையைத் தமிழில் போடாமல் இனிமேல் கவர் அச்சாகாது. நாலாவது இடத்தில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அவள் இன்னும் அங்கே போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பெரியகருப்பன் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அது நடக்கிறது. பழைய ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவர்கள் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், திருச்சி அலுவலகத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் வந்தது. பெரியகருப்பன்.

"இன்னைக்கு செவந்திக்கு மொத தெவசம் மேடம்."

"தெரியும்ணே."

"மச்சான் வந்திருக்காரு. ஒண்ணும் பேசல. வந்தாரு, படத்துக்கு முன்னாடி நின்னாரு, எலையில ஒக்காந்துட்டாரு." அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன. "நாந்தான் பரிமாறிக்கிட்டிருக்கேன். சோறு கேக்குறாரு, வச்சிட்டு வாரேன்."

போனை அவர் அணைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டிருப்பார் போல. அமுதவல்லி காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.