இரண்டும் வலது

என் வீட்டுக்காரர் மாடல் விமானத்தின் இறக்கையில் ஏழாவது ரிப்பை, அந்த விலா எலும்பு மாதிரி மரத்துண்டை, ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். காபித் தம்ளரை வைக்க மேஜையில் இடம் தேடிக்கொண்டிருந்தேன். துணி வெட்டுகிற மேஜை அது, என்னுடையது. அதில் எனக்கு இடம் இல்லாமல் போய் இரண்டு மாதம் ஆகிறது. பசைப் புட்டி, பிளேடு, உப்புத்தாள், என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட குண்டூசிப் பெட்டி எல்லாவற்றையும் ஒதுக்கித் தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். முடிந்துபோன முதல் இறக்கை பீரோவில் சாய்ந்து நின்றது. மேஜைமேல் பாதி எழும்பியிருந்தது இரண்டாவது. ஒன்றையும் மற்றொன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள் நான், எனக்கு அதைப் பார்க்க அரை நிமிஷம் போதும். இரண்டும் வலது பக்கத்து இறக்கை.

"இன்னா, அப்பிடியே நின்னுட்ட?" என்றார், தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல. ஆறிடப் போவுது, குடிங்க."

சொல்லிவிட்டு மெஷினுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏழு ரிப்தான் ஒட்டியிருந்தார். பிய்த்துப் போட்டிருந்தால் இரண்டு நாள் உழைப்பு வீண், அதோடு போயிருக்கும்.

என் பெயர் பேபி. ஐம்பத்தேழு வயதில் இந்தப் பெயரோடு பாங்கில் உட்கார்ந்திருப்பது ஒரு தண்டனை. கூப்பிட்டதும் நான் எழுந்து போனால், குழந்தை எங்கே என்று என் பின்னால் பார்க்கிறார்கள். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டாவது தெருவில் வீடு, முன்னறையில் தையல் கடை. அவர் பெயர் ஜோனத்தான். விமானப்படையில் இருபது வருஷம் விமானங்களின் உடம்பைப் பழுது பார்த்தவர். அது முடிந்து திருமுடிவாக்கத்தில் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பெட்டியை வாங்குகிறவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று அந்த முதலாளி குப்புராஜே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதே குப்புராஜ் போன ஜனவரியில் ஒரு சால்வையும் ஸ்வீட் பெட்டியுமாக வீட்டுக்கு வந்து, "போதும் சார், இனிமே ரெஸ்ட் எடுங்க" என்றார். ஏன் என்று இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்ற பயம்தான்.

மார்ச்சில் ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் பைக்கை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் வாசலில் பைக்கைக் காணோம், திருடு போய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அவர்கள் நல்லவர்கள், தேடிக் கண்டுபிடித்து, "நீங்கதான் சார் பார்க்கிங்ல போட்டிருக்கீங்க" என்று டோக்கன் நம்பரோடு சொல்லி அனுப்பினார்கள். யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும். எங்கள் பெண் ரேஷ்மா அப்படி நினைக்கவில்லை. மேடவாக்கத்திலிருந்து லீவு போட்டு வந்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். இவர் ரோமன் எண்ணெல்லாம் போட்டு, நொடி முள்ளோடு வரைந்து கொடுத்தார். டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் என்னை மட்டும் உட்கார வைத்து, "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க. வீட்ல கூட இருக்கிறது நீங்கதான். கவனிங்க, எதுனா வித்தியாசமா பட்டா என்கிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் கைக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்றார். வெளியே வந்ததும் ரேஷ்மா கணக்காகச் சொல்லிவிட்டாள்: டாக்டர் மறதி நோய்தான் என்று சொல்லிவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் அவளோடு வந்துவிட வேண்டும். ஒன்பதாவது மாடி. கீழே தண்ணீர் லாரி வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"மெஷினை எங்கடி வைப்பேன்?"

"இன்னும் தைக்கணுமா மம்மி? போதாதா?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள்.

கைக்கு வேலை என்றதும் அவருக்கு இந்த விமானம் நினைவு வந்துவிட்டது. சர்வீஸில் சேர்ந்த புதிதில் அவர் முதல்முதலாகக் கைவைத்த, இரண்டு பேர் உட்காருகிற பழைய பயிற்சி விமானம். யாரோ ஒரு சிநேகிதர் அதன் வரைபடத்தை போனில் அனுப்ப, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பாய் அகலத்துக்கு அச்செடுத்து வந்தார். நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு. பால்சா என்று ஒரு மரம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதை மெல்லிய தகடுகளாக வாங்கி, மீன் வடிவத்தில் பதினாறு ரிப் வெட்டி, உடம்புப் பக்கம் பெரிது நுனிப் பக்கம் சிறிது என்று வரிசையாக நிறுத்தி ஒட்ட வேண்டும். தாளை மேஜையில் விரித்து, பசை ஒட்டாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து, கோட்டின் மேலேயே மரத்தை வைத்து ஊசி குத்தி நிறுத்துவார். நான் தரையில் பாய் போட்டு முட்டி வலிக்க வலிக்கத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் வீடு அமைதியாக இருந்தது. அவர் பைக்கை எடுக்கவில்லை, கதவைத் திறந்து போட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை. அந்த இரண்டு மாதமும் நான் மத்தியானத்தில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தேன் என்றால் அந்த இறக்கைகளின் புண்ணியம்.

வரைபடத்தில் ஓர் இறக்கைதான் இருக்கும். வலது. இடதை அதற்கு எதிர்மாறாகச் செய்துகொள்ள வேண்டும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கிறது. நான்கூடப் படித்துவிட்டேன். அவர் ஸ்கேலை அதன்மேல் வைத்திருந்தார்.

இதைப் புரிந்துகொள்ள விமானம் தெரிய வேண்டாம், ஜாக்கெட் தெரிந்தால் போதும். துணியை மடித்து வெட்டினால் இரண்டு கையும் சரியாக வந்துவிடும். துணி பற்றாமல் தனித்தனியாக வெட்டும்போது, முதல் கையை வைத்த மாதிரியே வைத்து இரண்டாவதை வெட்டிவிட்டால் இரண்டும் ஒரே கை ஆகிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியில் நானே அப்படிச் செய்து, மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, மூளையில் ஒரு கோளாறும் இல்லை. அதனால் இது வெறும் கைத்தவறு, எந்தக் கெட்டிக்காரருக்கும் வருவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவராகக் கண்டுபிடித்துவிட்டால் போதும். கண்டுபிடித்துவிட்டால் அது கைத்தவறு, அவ்வளவுதான். கண்டுபிடிக்காவிட்டால்தான் வேறு.

அதனால்தான் சொல்லவில்லை. இப்படிச் சொன்னால் நியாயமாகத்தான் இருக்கிறது. முழு உண்மை அதுவல்ல. எனக்கு அலுப்பாக இருந்தது. சொன்னால் முதலில் கத்துவார், "உனுக்கு இன்னாடி தெரியும்" என்பார், அப்புறம் முகம் கறுத்து உட்காருவார், சாப்பிட மாட்டார். அதையெல்லாம் தூக்கிச் சுமக்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்குள் எட்டாவது ரிப் ஒட்டியாகிவிட்டது. ஒன்பது ஒட்டியபின் சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார். பத்தாவதுக்குப் பிறகு வாயே வரவில்லை. தினமும் காலையில் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேஜைமுன் நிற்கும்போது, ஏசுவே, இன்றைக்காவது அவர் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். படவில்லை. டாக்டரிடம் போகிற வியாழக்கிழமை மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஜாடையாகவும் சொல்லிப் பார்த்தேன். முதல் இறக்கையைப் பெருக்குகிற சாக்கில் எடுத்து அவர் எதிரிலேயே வைத்தேன். "இடிக்குது, அந்தாண்ட வை" என்றார். ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் கையைத் தூக்கிக் காட்டி, "கண்ணு மசமசன்னு கீதுங்க. இது எந்தக் கைன்னு பாருங்களேன்" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "லெஃப்ட். முன்னாடிதான் குழிவு ஜாஸ்தி இருக்கும். இது தெரியாதா உனுக்கு?"

"தெரியும். ரெண்டையும் ஒரே கையா வெட்டிட்டேனோன்னு பார்த்தேன்."

"நீயா? வெட்ட மாட்ட" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ரிப்பை எடுத்துப் பசை தடவினார். அது பன்னிரண்டாவது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒன்பதாவது மாடி எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்துவிட்டது. அவருக்காக அழுதேனா, என் மெஷினுக்காக அழுதேனா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை மத்தியானம் ரேஷ்மா போன் செய்தாள். நாளைக்குப் பத்து மணிக்குக் கார் வந்துவிடும், பழைய சீட்டெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். "ஏதாவது நோட் பண்ணியா மம்மி? டாக்டர் கேப்பாரு."

"வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

அவர் மேஜையில் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். இறக்கை முடிந்துவிட்டது. குறை சொல்ல முடியாத வேலை. ஒரு ரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நூல் பிடித்தாலும் ஒரே இடைவெளிதான் இருக்கும். அதைத் தாளிலிருந்து உரித்து, இரண்டு கையாலும் ஏந்திக் கூடத்துக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்தார். முதல் இறக்கையையும் எடுத்துப் போய் எதிர்ப்பக்கம் வைத்தார். பொருந்தவில்லை. ஒன்றின் மூக்கு வாசலைப் பார்த்தது, மற்றதன் மூக்கு சமையலறையைப் பார்த்தது. திருப்பி வைத்தால் அடிப்பக்கம் மேலே வந்தது. நான் மெஷினில் கால் வைத்தபடி ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். கேம்ப் ரோட்டில் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. அவர் தரையில் முட்டி போட்டிருந்தார்.

"எப்ப தெரியும் உனுக்கு?" என்றார். திரும்பவில்லை.

தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. முதுகைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. "ஏழாவது ரிப்ல" என்றேன்.

தலையை ஆட்டினார். "நான் பன்னெண்டாவதுல. நீ ஜாக்கெட் கைய காமிச்ச பாரு, அப்ப."

"அப்பறம் ஏங்க முடிச்சீங்க?"

"நீ சொல்வேன்னு பார்த்தேன். கண்ணு மசமசன்னு கீதுன்னு ஒரு கதைய வுட்டியே, அப்பவே நேரா சொல்லியிருக்கலாம்ல. சொல்லல. அந்த டாக்டர் பாக்குற மாதிரி பார்த்துனு இருந்த. சரி, பார்க்கட்டும்னு வுட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் இவரிடம் கோபப்பட்டிருக்கிறேன், பயந்திருக்கிறேன், ஆனால் இந்த மாதிரிக் கூசிப்போய் உட்கார்ந்ததில்லை. அதே சமயம், சொல்லிவிடுகிறேன், இன்னொன்றும் உள்ளே அரித்தது. இவர் சொல்வது நிஜமா? பன்னிரண்டாவதிலேயே நிஜமாகத் தெரிந்ததா, இல்லை, இப்போது தரையில் வைத்துப் பார்த்தபின் தெரிந்ததைப் பின்னால் தள்ளிச் சொல்கிறாரா? அந்த முதுகிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முட்டி கடுத்தது.

"நாளைக்கு டாக்டர் கேட்டா இன்னா சொல்வ?"

"தெரியலங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

"பார்த்தத சொல்லு. பார்க்காதத எழுதினவன் இன்ஸ்பெக்டரே இல்ல." இறக்கையை ஓரமாக நகர்த்திவிட்டு, "ரேஷ்மாவாண்ட போறதுன்னா மெஷினும் வரணும்னு நானே சொல்றேன்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என் தோளைத் தொட்டு எழுந்து, "தேங்கா எண்ணெ எங்க கீது?" என்றார்.

எதற்கு என்று புரியாமலே எடுத்து வந்து கொடுத்தேன். வரைபடத்தை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டிருந்தார். வெள்ளை முதுகு, ஒரு கோடு இல்லை. பஞ்சில் எண்ணெயைத் தொட்டு ஒரு மூலையிலிருந்து தடவ ஆரம்பித்தார். பஜ்ஜி கட்டிவந்த பேப்பர் மாதிரி தாள் ஈரமாகிக்கொண்டே போக, அடியிலிருந்து கோடுகள் மேலே வந்தன. முதலில் இறக்கையின் நுனி, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக ரிப்கள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறிய எண்கள். இடது இறக்கை முழுசாக வந்துவிட்டது. சர்வீஸில் கற்றுக்கொண்டாராம். நான் இன்னொரு பஞ்சை எடுத்து மறுகோடியிலிருந்து தடவினேன். கையெல்லாம் எண்ணெய் வழிந்தது.

மேலே பிளாஸ்டிக்கை விரித்தார். முன்விளிம்புக்கான குச்சியை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார். ஒரு குண்டூசியை எடுத்தார். குத்தப் போன கை அந்தரத்தில் நின்றது. விரலால் இந்த ஓரக் கோட்டைத் தொட்டார், பிறகு அந்த ஓரக் கோட்டை. மறுபடியும் இந்தப் பக்கம் வந்தார்.

"பேபி," என்றார். "இது முன்பக்கந்தானே?"

நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து, பெரிய ரிப்பிலிருந்து சின்ன ரிப்வரை ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு, நான் பார்த்து முடிக்கிறவரை காத்திருந்தார்.